கோகோவுக்கு முடி வெட்ட ஆள் தேடின கதை

எங்க வீட்டுக் கருப்பனுக்கு எட்டு வயசு ஆகுது. இந்த எட்டு வருஷத்துல அவன் ஒரு தடவைகூட ஷாம்பு பார்த்ததில்ல. மழை பெஞ்சா நனைவான். வாய்க்கால்ல தண்ணி ஓடினா விழுந்து புரளுவான். அப்புறம் களத்துல மல்லாட்டைக் கொடி காயப்போட்ட இடத்துல போய் உடம்பைத் தேய்ச்சுக்குவான். உண்ணி புடிச்சா நான் உக்காந்து எடுத்து விடுவேன். நகம் கட்டாந்தரையில ஓடி ஓடி தானாவே தேஞ்சுடும். நாய் வளர்க்கிறதுன்னா இவ்வளவுதான்னு அம்பது வயசு தாண்டியும் நினைச்சுக்கிட்டிருந்த ஆள் நான்.

2022 வைகாசியில கோகோ வந்தான். சென்னையில இருந்த மக குடும்பம் மாப்பிள்ளை வேலை விஷயமா புனாவுக்கு மாறினாங்க. அங்க கிடைச்ச வாடகை வீட்டுல நாய்க்கு இடமில்லையாம். ஷிட்ஸுன்னு சொல்றாங்களே, தரையைப் பெருக்கற மாதிரி முடி தொங்குமே, அந்த ஜாதி. திபெத்து, சீனா பக்கத்துக் குளிருக்குப் பொறந்தது. சீனப் பேச்சுல அந்தப் பேருக்கு சிங்கம்னு அர்த்தமாம். எங்க வீட்டுச் சிங்கம் கோழிக்குஞ்சைப் பார்த்து என் காலுக்குப் பின்னாடி வந்து ஒளிஞ்சது.

ஏழு வயசுப் பேத்தி கிளம்பறப்ப ஒரு சீப்பை என் கையில குடுத்து, "தாத்தா, தினமும் சீவணும். இல்லைன்னா சிக்கு விழும்"னு சொல்லிட்டுப் போனா. சரிம்மான்னேன். ஒரு வாரம் சீவினேன். அப்புறம் நடவு வந்தது, களையெடுப்பு வந்தது, சீப்பு அலமாரி மேல ஏறிடுச்சு.

எங்க வரப்புல நாயுருவி நிறைய. பேருக்கேத்த செடி. கருப்பன் மேல ஒட்டினா ஒரு உதறல்ல போயிடும். கோகோ மேல ஒட்டினா உள்ள போய் முடியைச் சுத்திக்கிட்டு முடிச்சு போட்டுக்கும். ரெண்டே மாசத்துல காதுக்குப் பின்னாடி, அக்குள்ல, வயித்துல எல்லாம் கம்பளித் துண்டு மாதிரி இறுகிப் போச்சு. ஆட்டுக்கு வச்சிருந்த கத்திரியை எடுத்து நானே வெட்டிடலாம்னு உக்காந்தேன். முடிச்சைத் தூக்கிப் புடிச்சா அதோட தோலும் மேல வருது. எது முடி, எது தோல்னு தெரியல. கை நடுங்கி வச்சுட்டேன். நல்ல வேளை வச்சேன்.

டவுன்ல ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். பேர் வேணாம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க வெள்ளைக்கார நாய்ங்க படம், உள்ள நுழைஞ்சா கல்யாண மண்டபத்துல அடிக்கிற சென்ட் வாசனை. "விட்டுட்டுப் போங்க சார், ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க"ன்னாங்க. 800 ரூபா. என் வீட்டுக்காரம்மா காதுல விழுந்தா, மாட்டுக்கே வைக்கோல் பிரிய வச்சுத்தான் தேய்க்கிறோம், நாய்க்கு எண்ணூறான்னு கேப்பாளேன்னு நினைச்சுக்கிட்டே விட்டுட்டு உரக்கடைக்குப் போயிட்டேன்.

திரும்பி வந்தப்ப கோகோ ஒரு கூண்டுக்குள்ள இருந்தான். நாக்கு முழுக்க வெளிய தொங்குது. மொட்டை அடிச்சிருந்தாங்க. வயிறெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. ஒரு காது நுனியில மட்டும் பவுடர் அப்பியிருந்தது. "கொஞ்சம் அடம் புடிச்சான் சார்"னு சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து பவுடரைத் துடைச்சா, காது நுனி அரிசி அளவுக்கு வெட்டுப்பட்டிருக்கு.

மொட்டை அடிச்சதுல தப்பில்ல. சிக்கு அவ்வளவு இறுகிட்டா அதைப் புடிச்சு இழுத்து வதைக்கிறதைவிட மொட்டைதான் நல்லதுன்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். சிக்கு விழ விட்டது நான். வெட்டுப்படறதும் கை தவறி யாருக்கும் நடக்கலாம். காயத்தைப் பவுடர் போட்டு மறைச்சு அனுப்பினாங்க பாருங்க, அதைத்தான் என்னால இன்னிக்கும் ஜீரணிக்க முடியல. சொல்லியிருந்தா வழியிலயே மருந்து போட்டிருப்பேன். அது ஈ மொய்ச்சு, சீழ் வெச்சு, பத்து நாள் ஆச்சு ஆற.

காது ஆறிடுச்சு. நாய் ஆறல. சீப்பைக் கையில எடுத்தாலே கட்டிலுக்கடியில போயிடுவான். ஒரு நாள் நகத்தைப் பார்க்கலாம்னு முன்னங்காலைத் தொட்டேன், என் கையையே கடிக்க வந்தான். ஞாயித்துக்கிழமை பேத்தி வீடியோல வந்து "கோகோவைக் காட்டுங்க தாத்தா"ன்னா, நல்ல காது இருக்கிற பக்கமாப் போனைத் திருப்பிக் காட்டுவேன்.

இந்த இடத்துல எங்க அப்பா ஞாபகம் வந்துதான் எனக்குப் புத்தி வந்தது. எங்க வீட்டுல அப்ப ரெண்டு ஜோடி எருது. கார்த்திகை தீபத்தையொட்டி எங்க திருவண்ணாமலையில மாட்டுச்சந்தை கூடும். சந்தைன்னா லாடம் கட்டுறவங்களும் வந்து உக்காந்திருப்பாங்க. பார்க்காதவங்களுக்குச் சொல்றேன்: மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ச்சு, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவிட்டு ஆணி அடிப்பாங்க. குளம்பு ரெண்டாப் பிளந்திருக்கிறதால காலுக்கு ரெண்டு தகடு, மாட்டுக்கு எட்டு. ஆணி குளம்போட கெட்டிப் பகுதியோட நிக்கணும். ஒரு நூல் உள்ள இறங்கி சதையைத் தொட்டுட்டா மாடு நொண்ட ஆரம்பிச்சிடும், அந்தப் பட்டத்து உழவு போச்சு.

அப்பா நேரா யார்கிட்டயும் மாட்டை ஓட்டிட்டுப் போகமாட்டாரு. ஒரு பீடியைப் பத்த வெச்சுக்கிட்டு, அரை நாள் சும்மா நின்னு பார்ப்பாரு. மாட்டைச் சாய்க்கிறப்ப தலை தரையில மோதாம தாங்குறானா, கட்டை அவிழ்த்ததும் மாடு எழுந்து எப்படி நிக்குதுன்னு பார்ப்பாரு. அதுக்கப்புறம் ஒண்ணு சொல்லுவாரு: "போன வருஷம் இவன்கிட்ட கட்டின மாடு எதுனா வருதா பாருடா. அது இவனைப் பார்த்ததும் என்ன பண்ணுதுன்னு பாரு." ஒரு மாடு இருவது அடி தூரத்துலயே கயித்தை இழுத்துக்கிட்டுப் பின்வாங்கும். இன்னொரு மாடு மூச்சு விட்டுக்கிட்டு வந்து நிக்கும். மாடு தப்பாச் சொல்லாதும்பாரு.

கோகோ விஷயத்துல நான் அதைச் செய்யவேயில்ல. கண்ணாடிக் கதவைப் பார்த்து விட்டுட்டு வந்தேன்.

முடி மறுபடி வளர்ந்து மாசி மாசம் ஆச்சு. இந்தத் தடவை கடையைத் தேடல, ஆளைத் தேடினேன். கால்நடை மருத்துவமனையில மாட்டுக்கு ஊசி போடப் போனப்ப அங்க வந்திருந்தவங்ககிட்டல்லாம் கேட்டேன். எங்க ஊர்ல தெரு நாய்களுக்குன்னே அருணாச்சலா விலங்குகள் சரணாலயம் ஒண்ணு இருக்கு. அடிபட்டது, சொறி புடிச்சது எல்லாத்தையும் எடுத்து வைத்தியம் பார்ப்பாங்க, கருத்தடை ஆபரேஷன் பண்ணுவாங்க, வெறிநாய்த் தடுப்பூசி போடுவாங்க. இந்த மாதிரி இடத்துக்கு நாய் தூக்கிட்டுப் போற பசங்க ரெண்டு பேர்கிட்டயும் விசாரிச்சேன். மூணு பேர் ஒரே ஆளைச் சொன்னாங்க. சென்னையில ஒரு நாய் ஆஸ்பத்திரியில வேலை பார்த்துட்டு ஊருக்குத் திரும்பின தம்பி. வீட்டு முன்னறையில ஒரு மேசை, வெளிய ஒரு தொட்டி, அவ்வளவுதான் கடை.

முதல்ல கோகோ இல்லாம நான் மட்டும் போனேன். திண்ணையில உக்காந்துக்கட்டுமா தம்பின்னேன். "உக்காருங்க ஐயா, கதவு திறந்துதான் இருக்கும்"னான். ரெண்டு மணி நேரம் உக்காந்தேன்.

ஒரு பொமேரியன் வந்தது. கூட வந்த அம்மா, வெயில் வருதே, முழுசா மழிச்சிடுப்பான்னாங்க. இவன் மாட்டேனுட்டான். அதுக்கு ரெண்டு அடுக்கு முடியாம். உள்ளடுக்கு பஞ்சு மாதிரி, மேலடுக்கு குடை மாதிரி. மழிச்சுட்டா வெயில் நேரா தோல்ல அடிக்கும், சில நாய்க்கு முடி பழையபடி வளரவே வளராது. நம்மள மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்துல கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை விடும், அதனால முடியை எடுத்தாக் குளிர்ச்சின்னு கணக்குப் போடாதீங்கம்மான்னு பொறுமையா எடுத்துச் சொல்லி, உதிர முடியை மட்டும் வாரி எடுத்து அனுப்பினான். மழிச்சிருந்தா கூடக் காசு வாங்கியிருக்கலாம்.

அவன் வேலை செய்யறதைப் பார்த்தேன். தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே முழுசா சீவி முடிச்சான். சிக்கோட நனைச்சா அது இன்னும் இறுகிடுமாம். எனக்கு இது தெரியாது, நான் தண்ணி ஊத்தி ஊற வெச்சா இளகும்னு நினைச்சு ரெண்டு தடவை நனைச்சிருக்கேன்! காதுல பஞ்சு வெச்சான். தண்ணிய முதல்ல தன் மணிக்கட்டுல ஊத்திப் பார்த்தான், பச்சைக் குழந்தைக்குப் பார்ப்பாங்களே அது மாதிரி. ஷாம்பு நாய்க்குன்னே உள்ளது. நம்ம சோப்பும் ஷாம்பும் அதுங்க தோலை வறட்டி அரிப்பு உண்டாக்கிடும். டிரையரை ஒரு கையில தூரமாப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையை நாய் உடம்பு மேலயே வெச்சிருந்தான், சூடு கூடினா தன் கைக்குத்தான் முதல்ல தெரியணும்னு. கூண்டுக்குள்ள விட்டுச் சூடு காத்து அடிக்கிறது அவன்கிட்ட கிடையாது. ஷிட்ஸு, பக் மாதிரி சப்பை மூக்கு நாய்ங்களுக்கு அதுல உயிரே போயிடும்னான். கூண்டுல நாக்கைத் தொங்கப்போட்டிருந்த கோகோ கண்ணுக்குள்ள வந்தான். எனக்கு அடி வயிறு கலங்கிடுச்சு.

நகம் வெட்டறப்ப அப்பாவோட லாடம்தான். நாய் நகத்துக்குள்ள ரத்தக் குழாய் ஓடுது. வெள்ளை நகம்னா ரோஸ் கலர்ல வெளிய தெரியும். கருப்பு நகம்னா தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சீவிக்கிட்டு வரணும். காலை இழுத்தா விட்டுட்டு, வேற வேலை பார்த்துட்டு, மறுபடி வந்தான். ஒரு நாய் முடிஞ்சதும் கத்தியையும் சீப்பையும் மருந்துத் தண்ணியில முக்கித் துடைச்சான். சொறி இருக்கிற நாயைக் கடைசியாத்தான் எடுப்பானாம்.

இன்னொண்ணும் கவனிச்சேன். "அவனுக்கு வலிக்குது", "பையன் பயப்படறான்"னுதான் பேசுறான். எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசில்ல. ரமணாசிரமத்துல பகவான் நாய்களை அது இதுன்னு சொல்லாம, பசங்களுக்குச் சாப்பாடு போட்டாச்சான்னு கேப்பாராம். 1948-ல இறந்த லட்சுமிங்கிற பசுவுக்கும், ஜாக்கிங்கிற நாய்க்கும், ஒரு மானுக்கும், ஒரு காக்காவுக்கும் அங்க சமாதி இருக்கு. கிரிவலம் வர்றவங்க எட்டிப் பார்த்துட்டு வரலாம். அந்தத் தம்பி ஆசிரமம் பக்கம் போற ஆளான்னு நான் கேக்கல. "அடம்"ங்கிற வார்த்தை ரெண்டு மணி நேரத்துல அவன் வாயில வரலைங்கிறது போதுமா இருந்தது.

நாலு நாள் கழிச்சு டிவிஎஸ் எக்ஸெல்ல முன்னாடி உக்கார வெச்சு கோகோவைக் கூட்டிட்டுப் போனேன். போனதும் தடுப்பூசிச் சீட்டு இருக்கான்னு கேட்டான். எடுத்துக் காட்டினேன். முன்ன எங்கயாவது பயந்திருக்கானான்னு கேட்டான். நடந்ததைச் சொன்னேன். மேசை மேல தூக்கல. தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டான். கிளிப்பரை ஆன் பண்ணாம கீழ வெச்சு கோகோவை மோந்து பார்க்க விட்டான். அப்புறம் மெதுவா உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தான். பாத விரலுக்கு நடுவுல பிரிச்சுப் பார்த்தான். காதுக்குள்ள பார்த்தான்.

"சாப்பிடறானா ஐயா?"

ரெண்டு நாளா சரியா இல்ல தம்பி, வெயிலுக்குன்னு விட்டுட்டேன்னேன்.

"ஈறு வெளுத்திருக்கு. விரல் இடுக்குல உண்ணி கொத்தா இருக்கு. இன்னிக்கு நான் குளிப்பாட்டினா தாங்கமாட்டான். நேரா டாக்டர்கிட்ட போங்க, நாளைக்குப் பார்க்கலாம்னு வெச்சுக்காதீங்க"ன்னான். காசு நீட்டினேன். நான் எதுவும் செய்யலையேன்னு வாங்கல.

அரசு கால்நடை மருத்துவமனையில ரத்தம் எடுத்துப் பார்த்து உண்ணிக் காய்ச்சல்னாங்க. உண்ணி கடிக்கிறப்ப ஒரு கிருமி ரத்தத்துக்குள்ள போயிடும். சாப்பிடாது, காய்ச்சல் வரும், ஈறு வெளுக்கும், விட்டா மூக்குல ரத்தம் கொட்டும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா எங்கிட்ட வந்திருக்க வேணாம்னு டாக்டர் அம்மா கண்டிப்பாவே சொன்னாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். கருப்பனுக்கு உண்ணி எடுக்கிற கை, இவனோட அந்த முடிக்குள்ள போகவேயில்லையே. அதோட, பீடி நெருப்பு வெச்சும் மண்ணெண்ணெய் விட்டும் உண்ணி எடுக்கக் கூடாதுன்னும் அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன். தோலை ஒட்டினாப்புல இடுக்கியில புடிச்சு நேரா இழுக்கணும், சோப்புத் தண்ணியில போட்டுடணும்.

சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் இருக்கிற உங்களுக்குத் தெருவுக்கு ஒரு நாய் பார்லர் இருக்கும். உங்களுக்கு நான் என்ன சொல்றது. ஆனா ஒரு நாள் நாயை வீட்டுல விட்டுட்டு நீங்க மட்டும் போய் நின்னு பாருங்க. உள்ள பார்க்க விடமாட்டேன்னு சொன்னாத் திரும்பிடுங்க. சில நாய் எஜமான் பக்கத்துல இருந்தாத்தான் அதிகம் துள்ளும், அது நிஜம். அதுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் போதும், மூடின கதவு வேணாம். நாய் முரண்டு பண்ணா மயக்க மாத்திரை குடுத்துடுவோம்னு யாராவது சாதாரணமாச் சொன்னா அங்க நிக்கவே வேணாம், அது டாக்டர் பார்த்துத் தீர்மானிக்கிற விஷயம். முதல் தடவை நாய் எப்படி நடந்துக்குதுங்கிறதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது, புது இடம்னா எதுவும் பயப்படும். ரெண்டாவது தடவை அந்த வாசல்ல அது என்ன பண்ணுதுன்னு பாருங்க.

மாத்திரை முடிஞ்சு சித்திரையில மறுபடி போனோம். அந்தத் தெரு திரும்பறப்பவே கோகோ என் கையில நடுங்கினான். ஆனா வாசல்ல இறக்கி விட்டதும் பின்வாங்கல. நின்னான். தம்பி உள்ள இருந்தபடியே "வாடா பையா"ன்னான். ஒரு படி ஏறினான், என்னைத் திரும்பிப் பார்த்தான், ரெண்டாவது படியும் ஏறினான். அன்னிக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்து முடியை ரெண்டு விரக்கடை அளவுக்குக் குறைச்சு விட்டான். இடுப்புக்குக் கீழ ஒரு இடத்துல கோகோ பல்லைக் காட்டினான். அங்க வேணாம், அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு விட்டுட்டான். அதனால பின்பக்கம் கொஞ்சம் கோணல்மாணலாத்தான் இருந்தது. 500 ரூபா. வீட்டுக்காரம்மா கோணலைப் பார்த்துச் சிரிச்சாளே தவிர காசைப் பத்திக் கேக்கல. மூணாவது தடவை வண்டி நின்னதும் கோகோ தானாக் குதிச்சு உள்ள ஓடினான்.

அந்த வைகாசியில லீவுக்குப் பேத்தி வந்தா. வந்த அஞ்சாவது நிமிஷம் கோகோவை மடியில போட்டுக்கிட்டு காதை நீவினா, விரல் அந்த வெட்டுல நின்னுடுச்சு. என்ன தாத்தா இதுன்னு கேட்டா. மறைக்க முடியல, எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தக் கடை அங்கிள் கோகோகிட்ட சாரி சொன்னாரா?"ன்னா.

இல்லம்மா.

"நீங்க?"

நான் எழுந்து போய் அலமாரி மேல இருந்த சீப்பை எடுத்துக்கிட்டு வந்தேன். திண்ணையில உக்காந்து, நேரா காதுக்குப் பின்னாடி சிக்கு இருக்கிற இடத்துக்குப் போனேன். அவ என் கையைப் புடிச்சு நிறுத்தினா. "அங்க இல்ல தாத்தா. முதல்ல முதுகு. அவனுக்குப் புடிச்ச இடத்துல ஆரம்பிக்கணும்"னா. கருப்பன் வாசல்ல படுத்துக்கிட்டு எங்களையே பார்த்துக்கிட்டிருந்தான்.